பட்டன் தேயாத டயர்

1

போன வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து ஓர் ஆள் எங்கள் கடைக்கு வந்தார். உச்சிப்புளிப் பக்கத்துக்காரர். கப்பலில் வாந்தி எடுத்துக் களைத்து வந்தவருக்கு நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஊர் நடப்புக் கேட்டேன். மழை பெய்ததா, கண்மாய் நிறைந்ததா, யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம் சொன்னார். கடைசியில் சிரித்துக்கொண்டே,

"ஒங்களப் பத்தித்தான் ஆத்தா ஊர்ல பேச்சு. கொழும்பு ஆத்தா வந்து கண்ணு வச்சதுலதான் வேலுச்சாமி காரு டயரு வெடிச்சுச்சுன்னுல்ல சொல்றாக" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்காமல் விட்டேன் என்றால், அது அவர் கடலில் பட்ட பாட்டுக்காகத்தான்.

வேலுச்சாமி என் கூடப்பிறந்த தம்பி. அவன் வீட்டு வாசலில் நிற்கிற கார் என் மகன் சண்முகம் வாங்கிக் கொடுத்தது. அந்த டயர் வெடித்த அன்று நான் எங்கே இருந்தேன், அது ஏன் வெடித்தது, அதில் யார் ஏற வேண்டியிருந்தது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரிந்தும் இப்படிப் பேசுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பிழை திருத்தித் தருகிறேன் என்று பேத்தி விஜயா வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தண்ணீராக ஓடும். நான் சரியாக எழுதிய எழுத்தை அடித்துத் தப்பாக எழுதிக் கொடுத்தாள். நீ போ தாயி என்று அனுப்பிவிட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்தியில் பிழை கிடையாது.

2

முதலில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

சண்முகம் கொழும்பில் ஓட்டுகிற காரும் வாங்கி நாலைந்து வருஷம் ஆகிறது. கடைச் சாமான் ஏற்ற, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட என்று தினமும் ஓடுகிறது. போன மாதம் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு டயர்க் கடையில் நிறுத்தினான். கடைக்காரர் சிங்களவர். அவர் குந்தி உட்கார்ந்து, டயரின் அடிப்பக்கத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு பக்கவாட்டைத்தான் நெடுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் அமுக்கினார். "பரணயி" என்றார்.

பரணில் எதையோ எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து நான் மேலே அண்ணாந்து பார்த்தேன். விஜயா விழுந்து விழுந்து சிரித்தாள். "பழசுன்னு சொல்றாரு அப்பத்தா. இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்தும் இதுகூடத் தெரியலையா உங்களுக்கு?" என்றாள்.

இந்த ஊர் அவளுக்குத்தான் ஊர். எனக்குக் கடை இருக்கிற இடம். அதை அவளிடம் சொல்லி என்ன செய்ய? போன மழைக்காலத்தில் அவளிடம் உச்சிப்புளி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டேன். பூகோளப் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

டயர்க் கடைக்காரர் பழசு என்று சொன்னதும் சண்முகம் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. நாலையும் மாற்றுங்கள் என்றான். சிகரெட் வாங்குகிற மாதிரி அத்தனை சுளுவாகச் சொன்னான். ஊரில் நிற்கும் காருக்கு டயர் மாற்றச் சொல் என்று போன வருஷம் நான் அங்கிருந்து கடுதாசி போட்டபோது, இதே மகன், "மாமா பாத்துக்கிருவாரு, நீங்க சண்டை போடாம வாங்க" என்று பதில் எழுதினவன். தன் மகள் ஏறுகிற காருக்கு ஒரு நியாயம், மாமன் மகள் ஏறுகிற காருக்கு ஒரு நியாயமா? நடு ரோட்டிலேயே கேட்டேன். "அம்மா, பாத்துப் பேசுங்க, ஆளுக நிக்கிறாங்க" என்றான். நிற்கட்டுமே. தமிழ் தெரிந்தவர்களாக இருந்தால் அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

3

போன வருஷம் நான் ஊருக்குப் போனதே தம்பி மகள் பஞ்சவர்ணத்தின் தலைப்பிரசவத்துக்காக. அவள் தாய்க்கு, அதாவது வேலுச்சாமி பெண்சாதி பாக்கியத்துக்கு, எப்போதும் மூச்சிளைப்பு. நான் போய் நின்றால்தான் ஆகும்.

முன்பெல்லாம் ஊருக்குப் போக வேண்டுமென்றால் துணியை மூட்டை கட்டுவோம், ரயில் ஏறுவோம், கப்பல் ஏறுவோம். விடிந்தால் தனுஷ்கோடி. இப்போது அப்படியா? போவதற்கு ஒரு முத்திரை, திரும்பி வருவதற்கு ஒரு பெர்மிட். இரண்டு பிள்ளை பெற்று, புருஷனைப் பறிகொடுத்து, இந்த மண்ணிலேயே அவரை வைத்திருக்கிறேன். எனக்கு இங்கே இருக்கத் தற்காலிகமாகத்தான் அனுமதி என்று என் பேரப்பிள்ளை வயதுள்ள ஒரு குமாஸ்தா சொல்கிறான். சொல்லிக்கொண்டே என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மை தடவுகிற டப்பாவை என் பக்கம் தள்ளினான்.

"எதுக்குத் தம்பி?"

"பெருவிரல் வைங்க."

"பேனாவக் கொடு."

என் பெயரையும் என் புருஷன் பெயரையும் முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் ஆனது. வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். முனகட்டும் என்று புள்ளி வைத்துத்தான் முடித்தேன். அந்தக் கோபத்திலோ என்னவோ, காகிதம் கைக்கு வர இழுத்துக்கொண்டே போயிற்று. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது பஞ்சவர்ணத்துக்கு மாதம் நிறைந்துவிட்டது.

4

ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குக் கார் வந்திருந்தது. வேலுச்சாமி வெள்ளை வேட்டியில் கதவைத் திறந்துகொண்டு நின்றான். டிரைவர் மாரி பக்கத்தில்.

அந்தக் காரை மதுரையில் எடுத்து அப்போது ஐந்து வருஷம் இருக்கும். இன்றுவரை ஊரில் அதற்குப் 'புதுக் காரு' என்றுதான் பெயர். கொழும்புக் காசு வருகிற வீடு என்றால் வாசலில் ஒரு கார் நிற்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு. ஓடவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நின்றால் போதும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர்கள் வருகை, இதற்குத்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் தென்னங்கீற்றுக் கொட்டகையில், கடல் காற்றும் வெயிலும் குறுக்கே அடிக்கிற இடத்தில் நிற்கும்.

வெயிலில் கார் மின்னியது. டயர்கள் அதைவிட மின்னின. எருமைக் கன்றைக் குளிப்பாட்டி நிறுத்தின மாதிரி நாலு டயரும் கன்னங்கரேல் என்று இருந்தன.

"என்ன வேலு, டயரு இப்புடி மினுங்குது?"

"அதுவா? சனிக்கிழம சனிக்கிழம எண்ணெக் குளியல்ல!" என்றான் பெருமையாக. "எனக்கு ஒரு கை எண்ணெ, அதுக்கு ஒரு கை எண்ணெ. அஞ்சு வருசமாச்சு, இன்னும் பட்டன் தேயல. நீயே பாரு."

டயரில் தரையைத் தொடுகிற பக்கம் கட்டம் கட்டமாக எழும்பி இருக்குமே, அதைத்தான் எங்கள் பக்கத்து டிரைவர்கள் பட்டன் என்பார்கள். அது தேய்ந்துபோனால் டயர் மொட்டை, மாற்றிவிட வேண்டியது. தேயாத வரைக்கும் டயர் புதுசு. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையும் தேய்ந்தால்தானே மாற்றுகிறோம்? அந்தக் கணக்கையே ரப்பருக்கும் போட்டுவிட்டார்கள். ஓடாமல் நின்றாலும் வருஷம் போகப் போக ரப்பர் காய்ந்து கெடும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்தால் மனுஷத் தோல் மினுங்கும். டயரும் தோல்தானே என்று நினைத்துவிட்டான் என் தம்பி.

வீட்டில் இறங்கும்போது ஒரு கையால் டயரைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடினேன். விரலில் பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டியது. முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தேன். எண்ணெய் போனதும் உள்ளே இருந்தது தெரிந்தது. கோடையில் வற்றின கண்மாய் மாதிரிப் பாளம் பாளமாக வெடிப்பு. பஞ்சவர்ணம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வெடிப்பில் நகத்தை வைத்தேன். நகம் உள்ளே போய், ரப்பருக்குள் இருக்கிற நூலில் முட்டியது.

"ஏலே மாரி, இங்கன வா. இது என்ன?"

மாரி குனிந்து பார்த்தான். பிறகு வேலுச்சாமி முகத்தைப் பார்த்தான். "பட்டன் இருக்குல்ல ஆத்தா" என்றான்.

5

அன்று ஆரம்பித்த பேச்சு. நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்கு வலி கண்டால் இந்தக் காரில்தான் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் போகிறீர்கள். வழியெல்லாம் முள் அடர்ந்த உடைமரக் காடு. நடுவில் டயர் வெடித்தால் பிள்ளைத்தாய்ச்சியை எங்கே வைத்துக்கொள்வீர்கள்? மதுரைக்கு ஆள் அனுப்பி நாலு டயர் வாங்கிப் போடு.

"அக்கா, நீ ஊருக்கு வந்திருக்க. சாப்பிடு, தூங்கு. வண்டி வாகனத்தப் பத்தி ஆம்பளைக பாத்துக்கிருவோம்" என்றான்.

"நீ பாத்த லச்சணத்தத்தான் நானும் பாத்தேனே."

"புதுசக் கழத்திப் போட்டுட்டு வேற புதுசு போடுன்னா ஊரு சிரிக்காதா? கொழும்புல மரத்துல காசு காய்க்குதுன்னு சொல்லுவாய்ங்க."

"அஞ்சு வருசச் சோத்தப் பானையில மூடி வச்சுட்டு, யாரும் திங்கல, அதனால புதுசும்பியா நீ?"

பஞ்சவர்ணம் உள்ளே இருந்து சிரித்தாள். வேலுச்சாமிக்கு முகம் கறுத்துவிட்டது. அப்போது பாக்கியம் குறுக்கே வந்தாள்.

"மதினி, அதுக்குச் சொல்லல. வயித்துப் பிள்ளக்காரி இருக்குற வீட்டுல ஒண்ணக் கழத்தக் கூடாது, ஒண்ண இடிக்கக் கூடாதும்பாக. சுத்தியலும் கம்பியும் வச்சு வீலக் கழத்துனா பிள்ளைக்கு ஆகுமா? பெறட்டும். பெத்த பெறகு மாத்திக்கிருவோம்."

பெற்ற பிறகு எதற்கு? பெறுவதற்குப் போகத்தானே கார்? சாஸ்திரம் என்று ஒரு பூட்டைப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் யாரும் பேசக் கூடாது. எனக்கும் சாஸ்திரம் தெரியும்.

"ஏண்டி பாக்கியம், ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக் கயிறு மாத்துறியே, அது நைஞ்சுபோயா மாத்துற?"

"இல்ல மதினி. வருசம் ஆச்சுன்னு..."

"தாலிய மாத்துறோமா? இல்ல. அதத் தாங்குற கயித்த மாத்துறோம். அந்து விழட்டும், அப்பறம் மாத்துவோம்னு எவளாச்சும் இருப்பாளா? உம் மக ஏறுற காருக்கு அந்த டயருதாண்டி கயிறு."

பாக்கியம் புருஷனைப் பார்த்தாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "தாலியவும் டயரையும் ஒண்ணாப் பேசுற வீட்டுல நான் இருக்க மாட்டேன்" என்று வெளியே போய்விட்டான். போனவன் அன்று சனிக்கிழமை என்பதை மறக்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து, நான் துடைத்த இடத்துக்கும் சேர்த்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மகன் சம்பாத்தியத்தில் வாங்கின கார். அதில் எனக்கு இருந்த பாத்தியதை, பின் சீட்டில் உட்கார்ந்து வருவது மட்டும்தான்.

6

ஒரு நாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தலைப்பிரசவம், நேரம் இருக்கிறது, ஆனாலும் கிளம்பலாம் என்றேன்.

வேலுச்சாமி ஓடினான். கார் வாசலுக்கு வந்தது. நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தான். தெருவே கூடிவிட்டது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு தாயி" என்றான்.

அதற்குள் நான் பக்கத்து வீட்டு முனியாண்டியிடம் சொல்லி அவர் கூண்டுவண்டியைப் பூட்டச் சொல்லியிருந்தேன். வைக்கோல் பரப்பி, மேலே என் கொழும்புப் போர்வையை விரித்திருந்தேன். காருக்குப் பின்னால் வண்டி வந்து நின்றதும் தெருவில் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

"என்னக்கா இது? வாசல்ல புதுக் கார வச்சுக்கிட்டு எம் மக மாட்டு வண்டியில போறதா? என் மானத்த வாங்கவா கடல் தாண்டி வந்த?"

"ஒம் மானம் எந்த டயர்லயும் போகட்டும். பிள்ள வண்டியிலதான் வருவா."

"ரெண்டு மணி நேரம் ஆகும்க்கா!"

"ஆகட்டும். போய்ச் சேருவோம்ல."

இரண்டு பேரும் கத்துகிறோம். நடுவில் பஞ்சவர்ணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவளே காரைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, காரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"அய்யா, நான் வண்டியிலயே போறேன். அத்த நகம் உள்ள போனத நானும் பாத்தேன்" என்றாள்.

அவளை ஏற்றினோம். பாக்கியமும் நானும் இருபக்கம் உட்கார்ந்தோம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் பின்னால் ஹாரன் சத்தம். வேலுச்சாமிதான். மாரி ஓட்ட, இவன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு, "ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு நான்தான் ஒங்கள எறக்கப்போறேன், பாரு!" என்று கத்திவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனான். அந்தப் புழுதியைப் பிள்ளைத்தாய்ச்சி விழுங்கினாள். தகப்பன் கொடுத்த சீர்.

வெயில் ஏறிவிட்டது. வலி வரும்போதெல்லாம் பஞ்சவர்ணம் என் கையை நெரித்தாள். வண்டி ஆடி ஆடிப் போயிற்று. எனக்கும் உள்ளூர பயம்தான். காரில் போயிருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாளோ என்று நினைத்துக்கொண்டே முந்தானையால் அவளுக்கு விசிறினேன்.

பாதி வழியில் ரோடு கண்மாய்க் கரையை ஒட்டித் திரும்பும். திரும்பினோம். முனியாண்டி, "ஆத்தாடி" என்றார்.

கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூக்கை உடைமுள்ளுக்குள் விட்டுக்கொண்டு நின்றது. முன் டயர் ஒன்று பக்கவாட்டில் கிழிந்து, உள்ளே இருந்த டியூப் நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. இன்னும் நாலு முழம் போயிருந்தால் கண்மாய்க்குள் இறங்கியிருக்கும். மாரி தலையில் கை வைத்துக் குந்தியிருந்தான். வேலுச்சாமிக்கு நெற்றியில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. முள் கிழித்த வேட்டியுடன் ரோட்டோரம் நின்றான்.

முனியாண்டி மாட்டை இழுத்துப் பிடித்தார். பாக்கியம், "என்னங்க!" என்று அலறிக்கொண்டு இறங்கப் போனாள்.

வைக்கோலில் படுத்திருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். காரைப் பார்த்தாள், தகப்பன் இரண்டு காலில் நிற்பதைப் பார்த்தாள்.

"அய்யா நல்லாத்தான் நிக்கிறாக. வண்டிய நிறுத்தாதீக மாமா. ஓட்டுங்க" என்றாள்.

ஓட்டினார். வேலுச்சாமியைத் தாண்டிப் போகும்போது நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியிலிருந்து நான் பார்த்த அந்தப் பார்வைதான் ஊரில் என் கண்ணேறு ஆகிவிட்டது.

7

ஆண் பிள்ளை. உச்சிக்குப் பிறகு பிறந்தான். தாயும் சேயும் சுகம்.

கொஞ்ச நேரம் கழித்து வேலுச்சாமி வந்தான். காரின் பின்பெட்டியில் கிடந்த ஸ்டெப்னி டயரை மாட்டி, எப்படியோ உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறான். வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை. வெடித்த டயரைத் தோளில் போட்டுக்கொண்டு வார்டுக்குள்ளேயே வந்துவிட்டான். நர்ஸ் பின்னாலேயே திட்டிக்கொண்டு வருகிறாள். இவன் நேராக என்னிடம் வந்து டயரைத் திருப்பிக் காட்டினான்.

"பாருக்கா. வெடிச்ச பெறகும் பாரு. பட்டன் அப்புடியே இருக்கு!"

நான் வாயெடுப்பதற்குள் கட்டிலில் இருந்தவள் பேசினாள்.

"அய்யா, அத வெளியே போட்டுட்டு, கையக் கழுவிட்டு வந்து பேரனப் பாருங்க. வீட்டுக்கு வாரப்பவும் நான் மாட்டு வண்டியிலதான் வருவேன். சந்த நாளாப் பாத்து, சந்தக்கட வழியாவே வருவேன். நம்ம புதுக் காரு எங்கன்னு யாரு கேட்டாலும் நின்னு வெவரமாச் சொல்லுவேன்."

ஊர்ச் சிரிப்புக்குப் பயந்து டயர் மாற்ற மாட்டேன் என்றவன், அதே சிரிப்புக்குப் பயந்து அன்று சாயங்காலமே மதுரைக்கு பஸ் ஏறினான். என் வார்த்தைக்கு இல்லை, நகம் போன வெடிப்புக்கு இல்லை, கண்மாய்க்குள் போகாமல் தப்பிய உயிருக்கும் இல்லை. சந்தைக்குப் பயந்து.

வீட்டுக்குக் கிளம்புகிற நாள் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. நாலும் புது டயர். எண்ணெய் இல்லை, தூசியாக, சாம்பல் பூத்தாற்போல், பார்க்க அழகாக இருந்தன. வேலுச்சாமி குடை பிடித்துக்கொண்டு நின்றான். முனியாண்டி வண்டியும் அந்தப் பக்கமாக ஓரத்தில் நின்றது. பஞ்சவர்ணம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், எனக்கே தெரியாது.

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் காரைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு டயரிலும் குனிந்து நகத்தை வைத்து அமுக்கினாள். பச்சை உடம்புக்காரி, குனியாதே என்று பாக்கியம் கத்தினாள். நாலும் முடிந்தது. பின்பக்கம் போய் நின்றாள்.

"தொறங்க அய்யா."

"அதுக்குள்ள என்ன தாயி இருக்கு? பெட்டி படுக்கைக்கு எடம்."

"தொறங்க."

மாரி திறந்தான். உள்ளே காரோடு வந்த அந்தப் பழைய ஸ்டெப்னி. கன்னங்கரேல் என்று மினுங்கியது.

"அது ரோட்டத் தொட்டதே அன்னைக்கு ஒரு நாளுதான் தாயி" என்றான் வேலுச்சாமி. குரல் இறங்கிவிட்டது. "புத்தம் புதுசு. அத எப்புடித் தூக்கிப் போட?"

அவள் என்னிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள். நானும் பாக்கியமும் பின்னால் போனோம். முனியாண்டி மாட்டைத் தட்டினார். அன்று சந்தை நாள். நாங்கள் சந்தைக்கடை வழியாகத்தான் போனோம். நாலு புது டயர் போட்ட கார், உள்ளே மாரியைத் தவிர ஆள் இல்லாமல், மாடு நடக்கிற வேகத்துக்கு எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அதற்குப் பக்கத்தில் என் தம்பி, குடையை விரித்தபடி, நடந்து வந்தான்.